வெள்வேல் கன்றுகளும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

நீங்கள் செய்யாத குற்றத்தை உங்கள் கையாலேயே எழுதவைத்து வாங்கிக்கொண்டார்கள், டீச்சர். பிள்ளைகள் மூன்று மழைக்காலம் பார்த்துப் பார்த்து வளர்த்த கன்றுகளை வெட்டியது பள்ளி நிர்வாகம். கவனக்குறைவு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டது நீங்கள்.

இன்று காலை துவாரகாவில் என் மகன் வீட்டுக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. சொரசொரப்பான தாள். மண்ணில் புதைத்தால் செடி முளைக்குமாம், கீழே அச்சிட்டிருக்கிறார்கள். பள்ளியின் பின்மூலையில் ‘நேச்சர் கார்னர்’ திறப்பு விழா. மேலே உங்கள் புகைப்படம், ‘இயற்கையை நேசித்த ஆசிரியையின் நினைவாக’ என்ற வரியோடு. படித்தவுடன் மெட்ரோ பிடித்துப் போய்ப் பார்த்தேன். வாட்ச்மேன் பழக்கம், உள்ளே விட்டார். தரை முழுக்க சிமெண்ட் கல் பாவி, அதன்மேல் பிளாஸ்டிக் புல் விரித்திருக்கிறார்கள். வெள்வேலையும் புரசையும் வெட்டினால் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அது அவர்களுக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

நான் அமைச்சகத்தில் டெஸ்பாட்ச் பிரிவில் தபாலுக்கு எண் போட்டவன். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மரங்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நீங்கள் தாவரவியல் படித்தவர். ஆனாலும் ரிட்ஜ் காட்டில் ஒரு மரத்தின் முன் நாம் தற்செயலாகச் சந்தித்தபோது, “அண்ணாச்சி, இது எங்கூர் வெள்வேல்தானே? டெல்லியில எப்படி?” என்று என்னைத்தான் கேட்டீர்கள். இங்கே அதற்கு ரோஞ்ச் என்று பெயர் என்றேன். அடுத்த சனிக்கிழமையே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து வந்துவிட்டீர்கள்.

அந்தச் சனிக்கிழமைகளை எந்தப் பாடத்திட்டத்திலும் பார்க்க முடியாது. நிழலை வைத்துத் திசை சொல்வது, சருகில் சத்தமில்லாமல் நடப்பது, கயிற்றில் அவிழாத முடிச்சுப் போடுவது, கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவருவது. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு பட்டையையும் இலையையும் தடவி மரத்தின் பெயரைச் சொல்வது. பிள்ளைகள் அதற்காகச் சண்டை போடுவார்கள். “அங்கிள், மேரீ பாரீ!” என்று தன் முறைக்காக என் சட்டையைப் பிடித்து இழுப்பாள் நித்யா. தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாத பெண், விரல் பட்டதும் “புரசு!” என்று கத்துவாள்.

ரிட்ஜில் பொறுக்கிய விதைகளைப் பால் பாக்கெட்டில் முளைக்கவைத்துப் பள்ளியின் பின்மூலையில் நட்டோம். ஆளுக்கு ஒரு கன்று. மே மாத அனலில் மண் காயாமல் இருக்கச் சுற்றிலும் புல்லை வெட்டாமல் விட்டோம். அப்போதுதான் நீங்கள் கேட்டீர்கள்.

“அண்ணாச்சி, ஒரு தகரத்துல பேரெழுதி நட்டு வச்சிருவோமா? பாக்கறவங்களுக்கு வெறும் புதராட்டம் தெரியுது.”

“பேர் எழுதிட்டா பிள்ளைங்க பலகையைத்தான் படிக்கும், மரத்தைத் தொடாது. பலகை வேண்டாம்.”

“உங்க பிடிவாதத்துக்கு வெள்வேல் முள்ளே தேவலாம்” என்று சிரித்தீர்கள். பலகை வைக்கவில்லை.

பள்ளி விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, தோட்டக்கார மாலியைப் புல் வெட்டும் மெஷினோடு அனுப்பினார்கள். சிறப்பு விருந்தினர் வந்து கேமரா முன்னால் ஒரு கன்று நடுவதற்கு இடம் சுத்தமாக வேண்டுமாம். திங்கட்கிழமை நாம் போனபோது இடுப்பளவு வளர்ந்த கன்றுகள் புல்லோடு குவிந்து கிடந்தன. “முஜே தோ காஸ் ஹீ லகா, பாபூஜி” என்று மாலி கையைப் பிசைந்தார். புல் என்று நினைத்தவரை நான் என்ன சொல்ல? நித்யா குவியலில் கைவிட்டு ஒரு தண்டை எடுத்தாள். தானாகவே கண்ணை மூடித் தடவிப் பார்த்தாள். “அங்கிள், இது ரோஞ்ச். என்னோடது” என்றாள். அழவில்லை. நீங்கள்தான் அழுதீர்கள்.

பிரின்சிபால் அறைக்குள் நான் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை.

“போர்டு வச்சிருந்தா ஏன் வெட்டப்போறாங்க? ஜங்கிள் மாதிரி விட்டுட்டு இப்ப எங்களைச் சொன்னா எப்படி?”

“போர்டு வேண்டாம்னு சொன்னது நான், சார்.”

“நீங்க வெளியாள். இது எங்க ஸ்டாஃப் விஷயம். பாஹர் பைட்டியே.”

வெளியே உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தீர்கள்.

“எழுதிக் குடுத்துட்டேன் அண்ணாச்சி. என் கவனக்கொறவுன்னு. எழுதினா சனிக்கெழம நடைய நிறுத்த மாட்டோம்னு சொன்னாங்க. பிள்ளைங்க வெளிய வரணும்லா?”

“நீங்க ஒரு கோழை, டீச்சர்” என்றேன்.

இரண்டே வாரம். அதே கடிதத்தைக் காட்டி, கவனக்குறைவான ஆசிரியையை நம்பிப் பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்ப முடியாது என்று நடையை நிறுத்தினார்கள். நான் சொன்னதுதான் சரி என்ற கர்வத்தில் நீங்கள் செய்த போனை நான் எடுக்கவில்லை. ஒன்றல்ல, பல முறை. போன குளிர்காலத்தில் நீங்கள் இறந்த செய்தி சொல்ல உங்கள் தங்கை அழைத்தபோதுதான் எடுத்தேன். நிகம்போத் சுடுகாட்டில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டு வந்தேன்.

பலகை வேண்டாம் என்றது தப்பு என்று இன்றும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தெரியாத செடியை வெட்டுமுன் கேட்க ஒரு வாய் போதும். ஆனால் அந்தப் பழி என் பெயரில் இருக்க வேண்டியது. உங்கள் ஃபைலில் அல்ல.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். பிரின்சிபால் உங்கள் ஃபைலிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, வெட்டச் சொன்னது நாங்கள் என்று எழுதி அதே இடத்தில் வைக்க வேண்டும். நிர்வாகக் குழு அந்தச் சிமெண்ட் கல்லைப் பெயர்க்க வேண்டும், மாலியின் முதுகில் ஏற்றாமல், தாங்களே நின்று. அதுவரை உங்கள் படத்தை அங்கே மாட்டக் கூடாது. பெற்றோர்கள் சனிக்கிழமை நடையைத் திரும்பக் கேட்க வேண்டும், வாட்ஸ்அப்பில் அல்ல, எழுத்தில். நித்யா இப்போது பத்தாம் வகுப்பு. அவளிடம் கேட்டேன், சின்னப் பிள்ளைகளை அவள் நடத்திக்கொண்டு போவாளாம். போகட்டும்.

நான், திறப்பு விழா அன்று முதல் வரிசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். பலகையைத் தடுத்தவன் நான், அந்தக் கடிதம் பொய் என்று தமிழிலும் இந்தியிலும் சொல்ல வேண்டும். வெளியே தள்ளினால் வாசலில் நின்று சொல்ல வேண்டும். அதன் பிறகு, பிள்ளைகளுக்காகத் தன் பெயரையே விட்டுக்கொடுத்தவரைக் கோழை என்று சொன்னவனும் நான்தான் என்பதையும் அங்கேயே, அத்தனை பேர் காதிலும் விழச் சொல்ல வேண்டும்.