உம்மாவுக்கு என்றொரு செட்டிங்

இன்று உன் லேப்டாப்பைத் திறந்தேன். கீபோர்டு இடுக்கில் இன்னும் குளச்சல் மணல் இருக்கிறது. நீ பாதியில் விட்டுப்போன கரைவலை வீடியோவை முடித்து நம் சேனலில் ஏற்ற உட்கார்ந்தேன். நீ கண்மூடுவதற்கு முன் எடுத்த கடைசி வீடியோ அது. உன் பேச்சில் காற்றின் இரைச்சல் அதிகமென்று பேச்சையே அமுக்கிவிட்டு இசை போட்டிருந்தேன்.

எக்ஸ்போர்ட்டுக்குப் போனதும் நீ சேமித்த செட்டிங்குகள் வந்தன. "கடல்" எனக்குத் தெரிந்ததுதான். ஃபைல் சிறிதாகட்டும் என்று நான் பிட்ரேட்டைக் குறைத்ததில் அலையெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தபோது, "செவரு சும்மா நிக்கும், அதுக்குக் கொஞ்சம் போரும். கடலு சும்மா இருக்குமாட்டி?" என்றாய். ஒரே அலையை எட்டு விதமாக ஏற்றி, மீன்கார அக்கா போன், ஆட்டோக்காரர் போன் என்று கெஞ்சி வாங்கிப் பார்த்தோம். ஏற்றிய உடனே மங்கலாயிருக்கிறதென்று மூன்று தடவை அழித்த கூத்தும் உண்டு. எச்.டி. தெளிந்து வர நேரமாகும் என்பது நாலாவது தடவைதான் நம் மண்டையில் ஏறியது.

அதற்குக் கீழே "உம்மாவுக்கு" என்று ஒன்று. நான் பார்த்ததே இல்லை. திறந்தால் படம் வெறும் நானூற்று எண்பது பி, ஒலி மட்டும் இருப்பதிலேயே உச்சம். எச்.டி.க்காக என்னோடு மல்லுக்கு நின்றவள் பெற்றவளுக்கு ஏன் இந்த மங்கல் படத்தைக் கொடுத்தாய்? மண்டை குடைந்தது. உம்மாவுக்கே போன் போட்டுக் கேட்டேன்.

"எனக்கு ரெண்டு மூணு வருசமா எல்லாம் நெழலாத்தான் தெரியும் மக்கா. யாருட்டயும் சொல்லாதேன்னு அவகிட்ட சொல்லியிருந்தேன். படம் எனக்கு என்னத்துக்கு? அவ பேச்சு கேட்டாப் போரும்."

அந்தக் கண்ணோடு, கையால் தடவித்தான் எனக்கு முள் எடுத்து மீன் வைப்பார்கள். நான் கவனிக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

இசையை எடுத்துவிட்டேன். காற்று இரைந்தால் இரையட்டும் என்று உன் பேச்சை முழுசாகத் திறந்து, அந்தச் செட்டிங்கிலேயே முதலில் உம்மாவுக்கு அனுப்பினேன். சேனலுக்கு அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்.

சாயங்காலம் உம்மா கூப்பிட்டார்கள். ஐந்து முறை கேட்டார்களாம்.

"கடைசியில, 'ஏட்டி, அங்கயே நில்லு, இப்ப வாறேன்'னு சொல்லுதாளே, யாருட்ட?"

"என்கிட்டத்தான் உம்மா."

நான் அங்கேயேதான் நிற்கிறேன்.