அலுமாரிக்கு மேலிருந்த மாப்பொம்மை

சந்நிதி முருகன் துணை

புத்தூர்
18.11.2025

அன்பு மகள் தர்சினிக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அண்ணையும் மச்சாள் உதயகலாவும் சுகம். நீயும் மருமகன் நிருஷனும் உன் வயிற்றில் இருக்கிற சீவனும் சுகமாக இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்கிறேன். ஏழாம் மாதம் பிறந்துவிட்டது, பனியில் வழுக்காத சப்பாத்தோடுதான் வெளியே போக வேண்டும், பாரம் தூக்கக் கூடாது. இங்கே மழை விட்டபாடில்லை, வெங்காயத் தோட்டம் முழுக்கத் தண்ணீர், உன் அண்ணை மண்வெட்டியும் கையுமாகத் திரிகிறான். போனில் கதைத்தால் வீடு முழுக்கக் கேட்கும், அதுதான் எழுதுகிறேன்.

போன மாதம் தொடக்கம் குசினியில் மா நிற்கவில்லை. இரண்டு கிலோ கோதுமை மா வாங்கினால் நாலு நாளில் அரைவாசி, உப்புப் போத்தலில் அடி தெரிகிறது, மரத்தில் தேசிக்காயையும் காணவில்லை. வீட்டில் ரொட்டியும் இல்லை பிட்டும் இல்லை, பிறகு மா எங்கே போகிறது? உதயகலாவைக் கேட்டால், முன்பள்ளிப் பிள்ளையளுக்கு மாமி என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிடுவாள். பிள்ளைகளுக்கு உப்பு மாவையா தின்னக் கொடுக்கிறார்கள்? நான் குளிக்கப் போகிற நேரம் பார்த்துத்தான் குசினிக் கதவைச் சாத்துவாள், திரும்பி வந்து பார்த்தால் அவள் கை மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். அம்மாவுக்கு எப்பவும் சந்தேகம்தான் என்று சிரிக்காதே. கலியாணம் முடித்து ஆறு வருசம், அவளுக்குப் பிள்ளை இல்லை. உனக்கு இரண்டு தரம் கலைந்து இப்போதுதான் தங்கியிருக்கிறது. உன் செய்தி வந்த அன்று எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தேன், அவளும் வாங்கினாள், வாயில் போட்டதை நான் காணவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அவள் முன்பள்ளி வேலைக்குப் போன பிறகு கதிரை வைத்து ஏறி அலுமாரிக்கு மேலே பார்த்தேன். கடதாசி விரித்து அதிலே ஒரு சாண் நீளத்தில் மாவால் பிடித்த பெண் உருவம். பெரிய வயிறு, உடம்பெல்லாம் சிவப்பு, கையிலும் காலிலும் ஈர்க்கு குத்தியிருக்கிறது, தேசிக்காய் மணம் வேறு. மாப்பொம்மை, தேசிக்காய், ஈர்க்கு, செவ்வாய்க்கிழமை, செய்வினைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? உன்னை நினைத்துத்தான் செய்திருக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டேன். ஒருவருக்கும் சொல்லாமல் சீலைத் தலைப்பில் சுற்றி, ஓட்டோ பிடித்துக் கீரிமலைக்குப் போய் மழைக்குள்ளே நின்று கடலில் விட்டேன். காயாத மாதானே, நான் பார்த்துக்கொண்டிருக்கவே கரைந்துபோனது. அது கரையக் கரைய எனக்கு உயிர் வந்தது. அதற்குப் பிறகு அவள் ஊற்றிய தேத்தண்ணீரைக்கூட நான் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை முன்பள்ளியில் கைவேலைக் கண்காட்சி. உளவு பார்க்கத்தான் போனேன், உனக்கு என்ன ஒளிப்பு. மேசை முழுக்க மாவால் செய்த மாடு, மீன், பூசணிக்காய். அங்கே படிப்பிக்கிற சுபாஜினி ரீச்சர் விளக்கம் சொன்னா. உருவம் பிடிக்கக் கடையில் விற்கிற களி விலை கூட, பிள்ளைகள் வாயில் வைத்தாலும் பயம், அதனால் உதயகலா வீட்டில் குழைத்துக்கொண்டு வருகிறாவாம். இரண்டு கோப்பை மாவுக்கு ஒரு கோப்பை உப்பு, அப்போதுதான் பழுதாகாதாம். கொஞ்சம் தேங்காயெண்ணெய், தேசிப்புளி, கொதிதண்ணீர், நிறத்துக்கு மஞ்சளும் பீற்றூட் சாறும். உள்ளே ஈர்க்கு குத்தாவிட்டால் கை கால் கழன்று விழுந்துவிடுமாம். ஓம் ஓம் என்று தலையாட்டினேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. மற்றதெல்லாம் மாடும் மீனுமாக மேசையில் இருக்க, அது மட்டும் ஏன் வயிறும் தானுமாக என் வீட்டு அலுமாரிக்கு மேலே ஒளிந்திருந்தது?

அன்று பின்னேரம் அவளே வந்து கேட்டாள், மாமி, அலுமாரிக்கு மேலை காயவைச்ச பொம்மையைக் கண்டனீங்களோ என்று. காணேல்லை, எலி இழுத்திருக்கும் என்று சொன்னேன். கதிரையில் இருந்து அழத் தொடங்கிவிட்டாள். மிஞ்சின மாவில் தன்னைத்தான் செய்தாளாம். அவளுக்கு வயிற்றில் இரண்டு மாதமாம் பிள்ளை. மூன்று மாதம் முடியும் வரை வாய் திறக்கக் கூடாது என்று தாய் சொல்லியிருக்கிறா, அண்ணைக்கு மட்டும்தான் தெரியுமாம். பிள்ளை நல்லபடி தங்க வேண்டுமென்று, காய்ந்ததும் சந்நிதியில் கொண்டுபோய் வைக்க இருந்தாளாம். எலி கொண்டு போனது கூடாத சகுனமோ மாமி என்று என்னையே கேட்கிறாள். அவளுடைய வயிற்றையல்லவா நான் கடலில் கரைத்துவிட்டு வந்திருக்கிறேன். இந்த வீட்டில் செய்வினை செய்தவள் நான்தான் பிள்ளை.

நாலு நாளாகச் சொல்லப் போகிறேன், வாய் வரவில்லை. சந்நிதியில் நேர்த்தி வைத்துவிட்டேன், ஆனால் முருகனிடம் சொல்வது லேசு, அவளிடம் சொல்வதுதான் பெரிய பாடு. வழக்கமாக உன் கடிதத்தை, அவள் பிரித்து வாசித்துவிடுவாள் என்ற பயத்தில், சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி நானே தபாற்கந்தோருக்குக் கொண்டு போவேன். இதை ஒட்டாமல் அவள் கையில் கொடுத்துப் போடச் சொல்லப் போகிறேன். வாசிக்காமல் விடமாட்டாள், எனக்குத் தெரியும்.

மருந்தை நேரத்துக்கு எடு, பப்பாசிப்பழம் கண்டாலும் வாங்காதே. உங்கள் இரண்டு பேருடைய வயிற்றுப் பிள்ளைகளையும் முருகன் காப்பாற்றட்டும். கடிதம் கைக்குக் கிடைத்தால் அன்றைக்கே போன் எடு. கிடைத்தால், அவள் வாசித்த பிறகும் போட்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

உன் அம்மா
இ. கமலாவதி