கடற்பாசிக் கூழும் அப்பாவின் காலும்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். கால் வலி எப்படி இருக்கிறது? "எலும்பு இன்னும் கூடலையாம். உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு" என்று அம்மா போனில் உளறிவிட்டாள். அவளைத் திட்டாதீர்கள்.

அதே நினைப்பில் இன்று ஆய்வகப் பாத்திரத்தைச் சுத்திகரித்த நீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டேன். அந்தத் தண்ணீரிலிருந்த சுண்ணாம்புச் சத்து பட்டு, எலும்பு முறிவில் வைக்கத் தயாரிக்கும் கடற்பாசிக் கூழ் கட்டி கட்டியாகிவிட்டது. "ஏம்மா, போஸ்டர் ஒட்டவா பசை காய்ச்சினே?" என்றார் மேலாளர். நானும் சிரித்து வைத்தேன்.

இந்தக் கூழ் வைத்த முயல்கள் துள்ளி ஓடுகின்றன அப்பா. மனிதருக்கு வரப் பல வருடம் ஆகுமாம். அதுவரை ஊன்றுகோலை விடாதீர்கள்.

மறுபடி கூழ் காய்ச்சக் கூப்பிடுகிறார்கள். உங்கள் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்ப அம்மாவிடம் சொல்லுங்கள். அதை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் உங்கள் முகமும் தெரியட்டும்.

உங்கள் மகள்