இடப்பக்க ஸ்பீக்கர்

22.8.2004, ஞாயிறு, திண்டிவனம்

இடப்பக்க ஸ்பீக்கர் சில நாளாக மங்கலாகக் கேட்கிறது. மாற்ற வேண்டியது ஆம்ப்ளிஃபயரையா, ஸ்பீக்கரையா என்று பார்க்க ஒயர்களை இடம் மாற்றிச் செருகினேன். அப்போதும் இடப்பக்கம்தான் மங்கல். சரி, ஸ்பீக்கர்தான் என்று பெட்டிகளையே இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் இடப்பக்கம்தான்.

மல்லிகா அடுப்படியிலிருந்து வந்து காது கொடுத்தாள். "ரெண்டும் ஒரே மாதிரிதாங்க பாடுது. சும்மா ஒயரப் புடுங்கிக்கினு இருக்கீங்க."

நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். இதுவரை நன்றாகப் பாடிய பெட்டி மங்கிவிட்டது. மங்கிக் கிடந்தது கணீரென்று பாடியது.

உடனே செட்டை நிறுத்தினேன்.

"அப்ப எதத்தாங்க மாத்தணும்?" என்றாள்.



படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து எழுதுகிறேன். வலது காதைத் தலையணையில் வைத்தால் ஃபேன் சத்தம் இல்லை. பக்கத்தில் தூங்கும் மல்லிகாவின் மூச்சும் இல்லை.