ஓடும்போது கை வைக்காதே

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், வீடு நலம், உன் அறையும் நலம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். உன் அக்காவின் பிரசவத்துக்கு அம்மா போய் நாற்பது நாளாகிறது, அவள் போனதோடு உன் போனும் நின்றுவிட்டது. நீ அவளோடு பேசும்போது நான் அடுத்த அறையில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன், இப்போது அதுவும் இல்லை. குறை சொல்லவில்லை. நீ கிளம்பிய அன்று, "இவ்வளவு படிச்சது பொம்மை ஆட்டவா" என்று கேட்டு வாசல் வரை கூட வராதவன் நான்தானே.

பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு நாள் நீ விட்டுப்போன கம்ப்யூட்டரைத் திறந்து, நீ கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யும் அந்த எடிட்டர் புரோகிராமுக்குள் போய்விட்டேன். முதலில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது, பிறகு மெல்லப் பிடிபட்டது. இடது பக்கம் பெயர்ப் பட்டியல், நடுவில் களம், கீழே ஆள், பொருள் எல்லாம் எடுத்துக்கொள்ள அடுக்கி வைத்த சாமான் அறை. எனக்குப் பிடித்தது வலது பக்கம்தான், எதைத் தொட்டாலும் அதன் இடம், திருப்பம், அளவு எல்லாம் எண்ணாக நிற்கிறது, முப்பது வருஷம் லேத்தில் நின்றவனுக்கு வேறென்ன வேண்டும். காணாமல் போன பொருளின் பெயரைப் பட்டியலில் தொட்டு F எழுத்தை அமுக்கினால் கண் முன் வந்து நிற்கிறது, என் மூக்குக்கண்ணாடிக்கும் அப்படி ஓர் எழுத்து இருந்தால் தேவலை. உன் வேலை எதையும் தொடவில்லை, பயப்படாதே. தனியாகப் புதுக் களம் திறந்து, பெட்டிகளையும் உருளைகளையும் அடுக்கி எங்கள் பட்டறையையே கட்டினேன். ஒரு பகல் முழுதும் ஆனது, சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. ஆரம்பத்தில் என்னவென்று தெரியாமல் அமுக்கியிருந்த மேலே உள்ள முக்கோணத்தைக் கடைசியில் மறுபடி அமுக்கினேன், அத்தனையும் மாயம். தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர் வந்து பார்த்துச் சிரித்தார். "ஓட விட்டுட்டுச் செஞ்சிருக்கீங்க சார், ஓடும்போது செஞ்சது எதுவும் நிக்காது, நிறுத்திட்டுத்தான் கை வைக்கணும்" என்றார். மெஷின் ஓடும்போது கை வைக்காதே என்று பட்டறையில் நான் திட்டாத ஆள் கிடையாது, அந்த வாய்க்கே இந்தப் பாடம். மறுபடி கட்ட மூன்று நாள் ஆனது. ஒரு நாற்காலியைத் தரையில் சரியாக உட்கார வைக்கவே அரை மணி நேரம் பிடித்தது, நீ என்ன வேலை செய்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் சொன்னது தப்பும்மா. நேரில் என்றால் வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

இப்போது ஒரு சிக்கல். சாமான் அறையிலிருந்து ஓர் ஆளை எடுத்துப் பட்டறையில் நிறுத்தி, எடையும் கொடுத்தேன். ஓட விட்டால் தரைக்குள் புகுந்து கீழே போய்விடுகிறான். பட்டறை அப்படியே நிற்கிறது, வலது பக்கத்தில் அவன் எந்த உயரத்தில் இருக்கிறான் என்று காட்டும் எண் மட்டும் குறைந்துகொண்டே போகிறது. அதைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்க எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. ரிப்பேர்காரர் சொல்லித் தருகிறேன் என்றார், வேண்டாம், என் மகளைக் கேட்டுக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

எடுத்த வேலையில் நல்ல பேர் வாங்கி, நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு. திரையையே பார்த்துக்கொண்டிருக்காமல் கண்ணுக்கு ஓய்வு கொடு. தரை ஏன் தாங்கவில்லை என்பதை அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே, என்னிடமே சொல். பகல் முழுதும் போன் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

உன் அப்பா