கோயிலுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

ஆகஸ்ட் 31, 2025 – ஞாயிறு

மழை தூறியும் இன்றைக்கு நல்ல கூட்டம். காஷ்மீரி கேட் மெட்ரோவை விட்டு வெளியே வந்தால் பஸ் இரைச்சலும் ஆட்டோக்காரர்களும் காதைப் பிய்க்கிறார்கள். வெள்ளைக்காரர் காலத்து அந்தப் பழைய கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவைத் தாண்டியதும் மயில் அகவுவது கேட்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். நானும் புதிதாகக் கேட்பவள்போல் தலையாட்டுகிறேன்.

குழந்தைகளைப் புதைத்திருக்கிற 'குழந்தைகள் மூலை'தான் என் இடம். பணம் கட்டி வருகிறவர்களுக்குக் கல்லறைகளைச் சுற்றிக்காட்டிக் கதை சொல்கிற இந்த ஞாயிற்றுக்கிழமை நடைகளை நடத்துகிற ஜ்யோத்ஸ்னா, என் மகன் வயதுப் பெண், தளபதிகளையும் பீரங்கிகளையும் பற்றிச் சொல்லிவிட்டுக் கடைசியில் கூட்டத்தை என்னிடம் விடுவாள். ஏழு மாதத்தில் இறந்த ரோஸ் என்ற குழந்தையின் கல்லுக்கு முன்னால் நின்று, குரலைத் தாழ்த்தி, இவளுடைய அம்மா தினமும் சாயங்காலம் இங்கே வந்து உட்கார்ந்திருப்பாள் என்று இந்தியில் சொன்னேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அந்த அம்மா வந்தாளா, உட்கார்ந்தாளா, எனக்கு என்ன தெரியும்? கல்லில் பெயரும் தேதியும்தான் இருக்கின்றன. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

"ஆன்ட்டி, நீங்கதான் எங்க ஸ்டார்" என்றாள் ஜ்யோத்ஸ்னா. மத்திய அரசில் அத்தனை வருடம் கோப்பு தள்ளியபோது ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை. ரிடையரான பிறகு இது வேண்டியிருக்கிறது எனக்கு.

வீட்டில், கோயிலில் சகஸ்ரநாம பாராயணம் என்று சொல்லியிருக்கிறேன். மாட்டுப்பெண் சுபாஷிணி முழுகாமல் இருக்கிறாள், ஐந்தாம் மாதம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து. விஷயம் தெரிந்த அன்றே கௌஷிக் சொல்லிவிட்டான். "அம்மா, கொஞ்ச நாளைக்கு அந்தக் கல்லறைக்கெல்லாம் போகாதே. எனக்கு நம்பிக்கை கிடையாது. சுபாவோட அம்மா பயப்படறா." சரி என்றேன். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாவது வாரம் பெருமாள் பெயரைச் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இதில் ஒரு சங்கடம். மயானத்துக்குப் போய்வந்தால் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் புழங்க வேண்டும். கோயிலுக்குப் போய்வந்தவள் உடனே குளித்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் குளிப்பதில்லை. நேராகச் சமையலறைக்குப் போகிறேன். இன்றைக்கு அந்தக் கையால்தான் சுபாவுக்கு மோர்க்குழம்பு.

செப்டம்பர் 7 – ஞாயிறு

ராத்திரி சந்திர கிரகணம். பிள்ளைத்தாச்சி வெளியே தலைகாட்டக் கூடாது என்று ஜன்னல்களையெல்லாம் சாத்தித் திரையை இழுத்துவிட்டேன். நான்! காலையில் கல்லறை நடுவில் நின்றவள். என் சாஸ்திரம் எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 16 – செவ்வாய்

குழந்தை தங்கவில்லை.

இரண்டு நாளாக இதை எழுத முடியவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

கௌஷிக் ஆபீஸ் வேலையாகக் குவாஹாட்டி போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது சுபா, "சீக்கிரம் வந்துடுங்கோம்மா, இடுப்பு என்னமோ பண்றது" என்றாள். "இதோ வந்துடறேன்" என்றேன். நடை முடிந்தவுடன் வந்திருக்கலாம். ஏதோ கம்பெனி ஆட்கள் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். "ஆன்ட்டி, ப்ளீஸ், குழந்தைகள் மூலை மட்டும் அவங்களுக்காக இன்னொரு தடவை" என்றாள் ஜ்யோத்ஸ்னா. நின்றேன். நின்று, இல்லாத அந்த அம்மாவை இன்னொரு தடவை கொண்டுவந்து உட்கார வைத்தேன். போன் பைக்குள் ஊமையாகக் கிடந்தது. இறந்தவர்களுக்கு மரியாதை, எல்லோரும் போனை சைலன்ட்டில் போடுங்கள் என்று வருகிறவர்களுக்குச் சொல்கிறவளே நான்தான்.

எடுத்துப் பார்த்தபோது திரை முழுக்க சுபா, சுபா, சுபா. கடைசியில் அருக்காணி.

அருக்காணி எதிர் பிளாட், ஈரோட்டுப் பக்கம். அவள்தான் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் அழுதாள். "பாத்ரூம் தரைல உக்காந்துட்டு இருந்துச்சுங்க மாமி. அம்மா எங்க, அம்மா எங்கன்னு உங்களத்தானுங் கேட்டுட்டே இருந்துச்சு."

இன்னும் முன்னால் கொண்டுவந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது மாதாஜி என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அவள் அந்தத் தரையில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாமே? அதைச் சொல்ல டாக்டர் எதற்கு?

செப்டம்பர் 18 – வியாழன்

சுபா வீட்டுக்கு வந்துவிட்டாள். கௌஷிக் இன்றுதான் கேட்டான். "ஏம்மா போனை எடுக்கல?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து சுபா பதில் சொன்னாள். "கோயில்ல போனை அணைச்சுதானே வைப்பா. எனக்காகத்தான் வேண்டிண்டிருந்திருப்பா. விடு கௌஷிக்."

கன்னத்தில் இரண்டு அறைந்திருந்தால்கூடத் தேவலை. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பாத்திரம் தேய்ப்பதாக நினைத்துக்கொண்டார்கள். அழுவதற்குக்கூட எனக்கு ஒரு பொய் வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 21 – ஞாயிறு

மகாளய அமாவாசை. கௌஷிக் அவன் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்தான். வேதாந்தம் போய் நாலு வருடம் ஆகிவிட்டது. அதைச் செய்துவைத்த வாத்தியார் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, மெதுவாக, அந்தக் குழந்தைக்கு ஏதாவது செய்ய உண்டா என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் ஒண்ணும் கிடையாது மாமி. பேரே வைக்கலையே" என்றார். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது அவருக்கு.

அந்தக் கல்லறைத் தோட்டத்தில், மூன்றே நாள் உயிரோடிருந்த குழந்தைக்கும் கல் நாட்டிப் பெயர் வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயர்களை வைத்து நான் கைதட்டல் வாங்கினேன்.

குளிக்காமல் சமையலறைக்குள் போனேனே, அதனால்தானா? சீ, படித்தவள் நினைக்கிற நினைப்பா இது.

அதனால்தானா?

அக்டோபர் 4 – சனி

ஜ்யோத்ஸ்னா மறுபடி போன் செய்தாள். எடுக்கவில்லை.

அக்டோபர் 12 – ஞாயிறு

போனேன். இனிமேல் வரமாட்டேன் என்று நேரில் சொல்லிவிட்டு வருவதற்காகத்தான் போனேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், எனக்கே தெரிகிறது. செருப்பை மாட்டும்போது "கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்று நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. ஒரு மாதம் ஆகியும் அதற்குப் பழக்கம் விடவில்லை.

போன இடத்தில் ஜ்யோத்ஸ்னா வழக்கம்போல் கூட்டத்தை என்னிடம் விட்டாள். ரோஸின் கல்லுக்கு முன்னால் வாய் வரவில்லை. பெயர், தேதி படித்தேன். அவ்வளவுதான். இனிமேல் வரமாட்டேன் என்பதையும் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

வீட்டில் சுபாதான் கதவைத் திறந்தாள். "கீஸர் போட்டிருக்கேன். தலைக்கு விட்டுண்டு அப்புறம் சமையல் பக்கம் வாங்கோ" என்றாள். "புடவையும் துண்டும் பாத்ரூம்ல இருக்கு."

தில்லியில் இன்னும் குளிர் ஆரம்பிக்கவில்லை. கீஸரை யாரும் தொடுவதில்லை. நான் செருப்புக்காலோடு அப்படியே நின்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

குளித்தேன்.

அக்டோபர் 13 – திங்கள்

கௌஷிக் ஆபீஸ் போன பிறகு அவளே வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் எங்கே போயிருந்தேன் என்று ஆஸ்பத்திரியிலேயே தெரியுமாம். ஜ்யோத்ஸ்னாவின் ஆட்கள் அன்றைய நடையின் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறார்கள். நான் குழந்தைகள் மூலையில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறேன். அவள் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறாள்.

"அப்ப ஏண்டி கௌஷிக்கிட்ட கோயில்னு சொன்னே?"

"அவனுக்குத் தெரிஞ்சா உங்களோட பேசமாட்டான். எனக்கு அப்ப இந்தாத்துல ஒரு சண்டையையும் பார்க்கத் தெம்பில்ல. அதான். உங்களுக்காக இல்ல."

"என்மேல கோவமா?"

"ரொம்ப" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நீங்க கல்லறைக்குப் போனதால குழந்தை போகல. நான் அப்படி நினைக்கல. ஆனா நான் கூப்பிட்டுண்டே இருந்தேன்மா. நீங்க யாரோ குழந்தைக்காக எல்லாரையும் அழ வெச்சிண்டிருந்தேள்."

மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினாள். சரி என்று ஆட்டினாளா, வேண்டாம் என்று ஆட்டினாளா, தெரியவில்லை. எழுந்து போகும்போது, "எங்க வேணா போங்கோ. பொய் சொல்லிட்டுப் போகாதேங்கோ" என்றாள்.

அக்டோபர் 15 – புதன்

கௌஷிக்கிடம் சொல்லிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி எல்லாவற்றையும். ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தான்.

அக்டோபர் 20 – திங்கள்

தீபாவளி. கௌஷிக் எண்ணெய் வைத்துக்கொள்ளத் தலையைக் குனிந்தான். நமஸ்காரம் செய்தான். முகத்தைப் பார்க்கவில்லை. இந்த வருடம் பட்சணம் கிடையாது. அருக்காணி ஒரு டப்பாவில் அதிரசம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 26 – ஞாயிறு

"கல்லறைக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்பினேன். கௌஷிக் பேப்பரை மடக்கினான், திரும்ப விரித்தான்.

நடை முடிந்ததும் ஜ்யோத்ஸ்னா ஓரமாகக் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அந்த அம்மா தினமும் வருவாள்னு சொல்வீங்களே, அதை ஏன் விட்டுட்டீங்க? அதுக்காகவே புக் பண்றாங்க."

"அது நான் கட்டின கதை."

கொஞ்சம் முழித்தாள். அப்புறம் சிரித்தாள். "எல்லாரும் கொஞ்சம் மசாலா போடறதுதானே, ஆன்ட்டி."

"நான் இனிமே போடறதா இல்ல."

சரி, தளபதிகள் பக்கம் நான் கொஞ்சம் நீட்டிக்கிறேன் என்றாள். ஸ்டார் பட்டம் போயிற்று. போகட்டும்.

நவம்பர் 2 – ஞாயிறு

கல்லறைத் திருநாள். இன்று நடை கிடையாது. தங்கள் மனிதர்களை அங்கே வைத்திருக்கும் குடும்பங்கள் வருகிற நாள். வயதானவர்களுக்கு வழிகாட்ட, தண்ணீர் எடுத்துக்கொடுக்க கல்லறை நிர்வாகத்தார் எங்களை வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் நான் புடவை கட்டிக்கொண்டிருக்கும்போது சுபா வந்து, "நானும் வரேன்" என்றாள்.

வாளியும் விளக்குமாறுமாகக் கூட்டம். கல்லைக் கழுவுகிறார்கள், சாமந்தி மாலை போடுகிறார்கள், நடுவில் சாப்பாட்டு டப்பாவையும் பிரிக்கிறார்கள். குழந்தைகள் மூலைக்கு மட்டும் யாரும் வரவில்லை. அங்கே இருப்பவர்களுக்கு வர ஆள் இல்லை. சுபா ஒவ்வொரு கல்லாகப் படித்துக்கொண்டு போனாள். பிறகு சுற்றுச்சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நர்ஸ் உங்ககிட்ட காட்டினாளாம்மா?"

இதை நான் இந்த நோட்டில்கூட எழுதவில்லை. காட்டினாள். சுபா மயக்கத்தில் இருந்தாள், கௌஷிக் வந்து சேரவில்லை. பச்சைத் துணியை விலக்கி நர்ஸ் காட்டியபோது குழந்தையைப் பார்த்தது நான் ஒருத்திதான். உடலை ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொன்னதும் நான்தான். சுபா கண் விழித்துக் கேட்டபோது, முகம் கைன்னு ஒண்ணும் சரியா உருவாகலடி, பார்க்க ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டேன். அவள் நன்மைக்கு என்றுதான் அப்போது நினைத்தேன்.

"காட்டினா" என்றேன்.

"என்ன?"

"பொண்ணு."

முழங்காலைக் கட்டிக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி யாரோ ஒரு குடும்பம் இந்தியில் ஜபம் சொல்ல ஆரம்பித்தது.

"யார் ஜாடை?"

நெத்தி உன்னோடதுடி, மூக்கு அவனோடது – நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. எனக்கா சொல்லத் தெரியாது? முன்பின் தெரியாத கூட்டத்தை அழ வைத்தவள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆயுசுக்கும் அதை வைத்துக்கொண்டிருப்பாள். கேட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"தெரியலடி" என்றேன். "ஜாடை தெரியற அளவுக்கு இல்ல. ரொம்பச் சின்னது. கையில விரலெல்லாம் இருந்தது. அவ்வளவுதான் பார்த்தேன். அதுக்கு மேல பார்க்க பயந்துண்டு திரும்பிண்டுட்டேன்."

"விரல் இருந்ததா?"

"இருந்தது."

அப்போதுதான் அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் இப்படி அழவில்லை. நான் அவளைத் தொடவில்லை. தொடலாமா என்று தெரியவில்லை.

திரும்பும்போது மெட்ரோவில், விரலெல்லாம் இருந்ததா என்று இன்னொரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை சொன்னேன், ஒன்றும் சேர்க்காமல்.