கையெழுத்தைச் சொல்லித் தப்பிக்க முடியாது

மார்ச் 4

இந்த முறை பொருளியல் தேர்வு கணினியில்! துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததை மூன்று தடவை படித்தேன். பேனாவும் இல்லை, தாளும் இல்லை. இதே பாடத்தில் இரண்டு முறை என்னைக் கவிழ்த்தது என் கோழிக் கிறுக்கல்தான். போன முறை விடைத்தாளில் பேராசிரியர் எழுதியிருந்தது ஒரே வரி: "படிக்க முடியவில்லை." இது மூன்றாவது, கடைசி வாய்ப்பு. கோட்டைவிட்டால் பட்டம் கிடையாது.

மார்ச் 5

அக்காவுக்கு அலுவலகத்தில் தட்டச்சு வேலை. கற்றுக்கொடு என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"ஒத்த விரலால குத்திக்கிட்டு இருந்தா முதல் கேள்வியிலயே நேரம் முடிஞ்சிரும். பத்து விரலும் வேலை செய்யணும்டி."

மார்ச் 11

நிமிடத்துக்கு எட்டு வார்த்தை. மானம் போகிறது.

மார்ச் 19

இருபத்திரண்டு!! சாப்பிடும்போதும் விரல்கள் மேசையில் ஆடிக்கொண்டே இருக்கின்றன. "சோத்தையாவது ஒழுங்கா தின்னேன்டி" என்றாள் அம்மா.

மார்ச் 24

கணினிக்கூடத்தில் மாதிரித் தேர்வு. என் வாக்கியங்கள் பளிச்சென்று வரிசையாக நின்றன. நானா எழுதியது? வெட்கமில்லாமல் இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

திரும்பும்போது பேருந்தில் திடீரென்று ஒன்று உறைத்தது. இத்தனை நாளும் கையெழுத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். எல்லாம் தெளிவா இருந்தும் ஃபெயிலானா? அப்போ நான்தானே மக்கு? ஐயோ, யார் மூஞ்சில முழிப்பேன்?

மார்ச் 25

என் பயத்தை அக்காவிடம் சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"இவ்வளவு நாளா கையெழுத்துக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தியா? வெளியே வாடி."

புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மார்ச் 30

எழுதிவிட்டேன்! மூன்றாவது கேள்வி: பொருள் தட்டுப்பாடு வந்தால் விலையை ஏற்றுவதா, வரிசையில் நிற்கவைத்துப் பங்கிடுவதா? வரிசைதான் நியாயம் என்கிறது பாடநூல். நானோ வரிசையும் ஒரு விலைதான், நாள்கூலிக்குப் போகிறவரால் அதைக் கொடுக்க முடியாது என்று தட்டிவிட்டேன். கொழுப்புதான் எனக்கு. கண்ணை மூடிக்கொண்டு 'சமர்ப்பி'யை அழுத்தினேன்.

ஏப்ரல் 16

ஐம்பத்தெட்டு! பாஸ்! பாஸ்! நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அத்தை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றாள்.

திரையில் மூன்றாம் விடைக்குப் பக்கத்தில் பேராசிரியரின் குறிப்பு. "இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. வியாழக்கிழமை என் அறைக்கு வரவும்."

திட்டத்தான் கூப்பிடுகிறாரோ? திட்டட்டுமே. கடைசி வரிவரைக்கும் படிச்சிருக்காரு!

ஏப்ரல் 18

பேராசிரியர் அறையில் ஒரு மணி நேரம். "வரிசை இல்லேன்னா கையில காசில்லாதவங்க என்னம்மா பண்ணுவாங்க?" என்றார். "ஒரு நாள் வேலைய விட்டுட்டு நின்னா அன்னைக்குக் கூலி போயிருமே சார்" என்றேன். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. அவருடைய தேநீர் ஆறிப்போனது.

கிளம்ப எழுந்தபோது கேட்டார்: "இப்பவாவது நீ எழுதினது தப்புன்னு ஒத்துக்கிறியாம்மா?"

"இல்ல சார்."

நாற்காலியைக் காட்டினார். மறுபடியும் உட்கார்ந்தேன்.